மூன்று மணி நேரத் தண்ணீருக்கு இரண்டரை ஏக்கர்

வாசகர் கேள்வி:

"ஐயா, காரிமங்கலம் பக்கம் எனக்கு இரண்டரை ஏக்கர் செம்மண் நிலம் இருக்கிறது. ஒரு ஏக்கர் ராகி, ஒரு ஏக்கர் தக்காளி, மீதி அரை ஏக்கரில் மாட்டுக்கு கோ-4 புல். 450 அடியில் போட்ட முதல் போர் ஏழு வருடம் ஓடி நின்றுவிட்டது. இப்போது ஓடுவது 850 அடி போர், 10 எச்.பி. மோட்டார். மூன்று மணி நேரம் ஓடினால் காற்று இழுக்கிறது. 1,200 அடி போனால் தண்ணீர் உண்டு, மூன்று லட்சம் ஆகும் என்கிறார் போர் வண்டிக்காரர். என் தம்பி ராணுவத்தில், பஞ்சாபில் இருக்கிறான். 'இங்கே கோதுமைக்கு அஞ்சு தண்ணிதான் விடறாங்க, நீ ராகிக்கு வாரம் ஒரு தண்ணி கட்டற, பேசாம கோதுமை போடு' என்கிறான். போர் போடட்டுமா, கோதுமை போடட்டுமா?"

பதில்:

போர் வேண்டாம், கோதுமையும் வேண்டாம். இவ்வளவுதான் பதில். ஆனால் காரணம் சொல்லாமல் விட்டால் அடுத்த வாரம் போர் வண்டி உங்கள் வரப்போரம் வந்து நிற்கும். முப்பது வருடமாக இந்த மாவட்டத்தில் பாசன வேலை பார்க்கிறேன். வெறும் 'வேண்டாம்' என்று சொல்லி நான் ஒரு போர் வண்டியையும் திருப்பி அனுப்பியதில்லை.

உங்கள் கடிதத்தில் எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. எத்தனை அடி, எத்தனை எச்.பி., எத்தனை மணி நேரம் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். எவ்வளவு தண்ணீர் என்று எழுதவில்லை. அதனால்தான் போன் செய்து கேட்டேன். "ரெண்டு இஞ்சு பைப்புல நல்லாத்தான் வருதுங்க" என்றீர்கள். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். பால் ஊற்றுகிறவரிடம் 'நல்லாத்தான் ஊத்தறேன்' என்ற பதிலை ஏற்றுக்கொள்வோமா? லிட்டர் கேட்போம். அதனால் 200 லிட்டர் டிரம் ஒன்றை பைப் வாயில் வைத்து, கைப்பேசியில் நேரம் பார்க்கச் சொன்னேன். மறுநாளே பார்த்துச் சொன்னீர்கள். அந்த மூன்று எண்களுக்காகவே உங்கள் கடிதத்தை இவ்வளவு விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

மோட்டார் போட்டதும் டிரம் 80 வினாடியில் நிறைந்தது. ஒரு மணி நேரம் கழித்து 100 வினாடி. இரண்டரை மணி நேரம் கழித்து முழுசாக இரண்டு நிமிடம். அதாவது நிமிடத்துக்கு 150 லிட்டரில் தொடங்கி 100 லிட்டருக்கு இறங்குகிறது. மூன்று மணி நேரத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 21,000 லிட்டர். உங்கள் போர் ஒரு நாளைக்குக் கொடுக்கும் படி அவ்வளவுதான்.

இனி நிலத்தின் கணக்கு. ஒரு ஏக்கரில் 1 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 4,047 லிட்டர். இந்தத் தை மாதத்தில் நம் பக்கம் வளர்ந்த பயிர் ஒரு நாளைக்குக் குடிப்பது சுமாராக 4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை ஏக்கருக்கு 40,000 லிட்டர் வேண்டும். இருப்பது 21,000. அதுவும் ஒரு சொட்டு சிந்தாமல் வேருக்குப் போய்ச் சேர்ந்தால்தான்.

சிந்தாமல் போகிறதா? மோட்டார் போட்டதிலிருந்து முதல் மடைக்குத் தண்ணீர் போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று கேட்டேன். 300 அடி மண் வாய்க்கால், 20 நிமிடம் ஆகிறது என்றீர்கள். கொஞ்சம் யோசியுங்கள். அந்த 20 நிமிடத்தில் போர் வலுவாக இருக்கிறது, நிமிடத்துக்கு 150 லிட்டர் தள்ளுகிறது. 3,000 லிட்டர். பதினைந்து டிரம். வாய்க்கால் ஓரத்து அருகம்புல்லும் கோரையும்தான் உங்கள் நிலத்திலேயே செழிப்பாக நிற்கும் பயிராக இருக்க வேண்டும், நேரில் பார்க்காமலே சொல்கிறேன். முதல் மடைக்குப் பிறகும் கசிவு நிற்பதில்லை, வாய்க்கால் முழுக்க நடக்கிறது. பாத்திக்குள் போனதும் இன்னொரு கதை.

அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள ஒரு கடப்பாரை போதும். ராகிக்குத் தண்ணீர் கட்டிய மறுநாள் காலை, பாத்தியின் மடைப் பக்கம் கடப்பாரையை ஊன்றி, உடம்புப் பாரத்தை லேசாகக் கொடுங்கள். ஈரம் இருக்கும் ஆழம் வரை வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். மடையோரம் இரண்டு, இரண்டரை அடி இறங்கும். அதே பாத்தியின் கடைசி முனையில் ஊன்றினால் அரை அடியில் நின்றுவிடும். ராகி வேர் பெரும்பாலும் உறிஞ்சுவது மேல் ஒரு அடியில். அதற்குக் கீழே போன தண்ணீர் உங்கள் கரண்டில் ஏறி, உங்கள் மண்ணைக் கடந்து, திரும்பப் பாதாளத்துக்கே போகிறது. கூடவே நீங்கள் காசு கொடுத்துப் போட்ட யூரியாவையும் அழைத்துக்கொண்டு போகிறது. நம் செம்மண் ஒரு அடி ஆழத்துக்குப் பயிருக்குக் கொடுக்கும்படியாகப் பிடித்து வைப்பது சுமாராக ஒரு அங்குலம் தண்ணீர். அதற்கு மேல் கட்டினாலும் நிற்காது.

வாய்க்காலில் போனது, மடையோரம் கீழே இறங்கியது எல்லாம் கழித்தால், உங்கள் 21,000 லிட்டரில் பாதி வேருக்குப் போனால் பெரிது. 10,500 லிட்டர். இன்றைய முறையில் உங்கள் போரால் நிஜமாகக் காப்பாற்ற முடிந்த நிலம் 65 சென்ட். நீங்கள் இரண்டரை ஏக்கரை அதன் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

அப்படியானால் இன்னொரு போர் போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். நம் ஊர் நிலத்தின் அடி அமைப்பு அப்படி இல்லை. மேலே மண், அதன் கீழே மக்கிய பாறை, அதற்குக் கீழே கெட்டிப் பாறை. தண்ணீர் பெரும்பாலும் தேங்குவது அந்த மக்கிய பாறையில்தான். கெட்டிப் பாறையில் தண்ணீர் இருப்பது வெடிப்புகளில் மட்டும். போர்க்காரர்கள் 'கேப் விழுந்துச்சு' என்று சொல்வது அந்த வெடிப்பைத்தான். ஆழம் போகப் போகப் பாறையின் பாரம் அழுத்தி வெடிப்புகள் குறுகிக்கொண்டும் குறைந்துகொண்டும் போகும். 1,200 அடியில் ஒரு வெடிப்பு கிடைக்கவே கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. கிடைத்தாலும், அதை நிரப்புவது மேலே பெய்யும் அதே மழைதான்; பெரும்பாலும் உங்கள் 850 அடி போருக்குத் தண்ணீர் தரும் அதே வெடிப்புத் தொடர்தான்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2003 வறட்சியில் பென்னாகரம் பக்கம் எங்கள் சொந்த நிலத்தில் பழைய போருக்கு 40 அடி தள்ளி 600 அடியில் புதிதாக ஒன்று போட்டோம். நான் அப்போதே இதே வேலையில்தான் இருந்தேன், இருந்தும் அப்பாவின் முகத்தைப் பார்த்து வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் தண்ணீர் பீறிட்டது. தேங்காய் உடைத்து, பக்கத்து வீட்டுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தோம். பத்தாம் நாள் பழைய போர் காற்று இழுத்தது. இரண்டு போரையும் சேர்த்து அளந்தபோது, பழைய போர் தனியாகக் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஒரே குடத்தில் இரண்டு ஸ்ட்ரா போட்டதுபோல ஆகிவிட்டது. கடனை அடைக்க நாலு வருடம் ஆனது.

ஆழத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீரில் அது கூடுதலாகக் கரைந்திருக்கும். பல்லில் காவி படிந்த பிள்ளைகளும் நாற்பது வயதில் மூட்டு மடங்காத ஆட்களும் இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கே 'புளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு' என்று பெயரில் சேர்த்தார்கள். 2013-ல் அது ஓடத் தொடங்கியது. பயிருக்கு விடும் தண்ணீரைத்தான் வயலில் வேலை செய்கிறவர்களும் தாகத்துக்குக் குடிக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் போர்தான் என்று நீங்கள் முடிவெடுத்தால், தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடக்கிறவரைக் கூப்பிடும் முன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்குப் போங்கள். குறைந்த கட்டணத்தில் கருவி வைத்துப் பாறையின் அமைப்பைப் பார்த்துச் சொல்வார்கள். தேங்காய்க்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தண்ணீர் இல்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை, அதுதான் பிரச்சினை.

சரி, கோதுமைக்கு வருவோம். உங்கள் தம்பி சொன்னது பொய்யில்லை. பஞ்சாபில் கோதுமைக்கு விதைப்புக்கு முந்தைய ஈரம் போக நாலைந்து தண்ணீர்தான் விடுகிறார்கள். ஆனால் அவர் எண்ணியது எத்தனை தடவை என்பதை. ஒரு தடவைக்கு எவ்வளவு என்று பார்க்கவில்லை. அங்கே ஒரு தண்ணீர் என்றால் 75 மி.மீ., அதாவது மூன்று அங்குலம். ஏக்கருக்கு மூன்று லட்சம் லிட்டர். உங்கள் போர் பதினைந்து நாள் ஓடினால்தான் ஒரு ஏக்கருக்கு அந்த ஒரு தண்ணீர் கிடைக்கும். ஐந்து தண்ணீருக்கும் கூட்டினால் 375 மி.மீ. பாசன ராகியின் மொத்தத் தேவையே 350 மி.மீ. பக்கம்தான். அண்ணன் தம்பி இருவரும் கிட்டத்தட்ட ஒரே அளவு தண்ணீரைத்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அங்கே ஆழமான வண்டல் மண், ஒரு தடவை மூன்று அங்குலம் ஊற்றினாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே மார்கழிப் பனி, வெயில் ஏறாது, ஆவியாவதும் குறைவு. அதனால் தண்ணீருக்குத் தண்ணீர் இடைவெளி நீளம். நம் செம்மண் தாழி இல்லை, சல்லடை. மூன்று அங்குலம் ஊற்றினால் இரண்டு அங்குலம் கடப்பாரை ஆழத்துக்குப் போய்விடும்.

இன்னொன்று. கோதுமைக்குக் கதிர் முற்றும் நாள் வரை குளிர் வேண்டும். கார்த்திகையில் விதைத்தால் மாசி வெயிலில் மணி பிடிக்கும், மணி சுருங்கும். நீலகிரியில் வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, தளி, தேன்கனிக்கோட்டை போன்ற குளிர்ந்த இடங்களில் ஆசைக்குப் போட்டுப் பார்க்கலாம். காரிமங்கலத்தில் வேண்டாம். விளைந்தாலும் யாரிடம் விற்பீர்கள்? 2024-25 சாகுபடி ஆண்டு விளைச்சலுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை, கோதுமைக்குக் குவிண்டாலுக்கு 2,425 ரூபாய். ராகிக்கு 4,290 ரூபாய். ரேஷனில் ராகி கொடுப்பதற்கு முதலில் தேர்ந்தெடுத்த இரண்டு மாவட்டங்களில் தர்மபுரியும் ஒன்று. வீட்டு வாசலில் கொள்முதல் இருக்கும் பயிரை விட்டுவிட்டு ஆள் இல்லாத பயிருக்கு ஏன் போக வேண்டும்?

தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு இரண்டு விஷயம். கோதுமைக்கு விதைத்த 21-ஆம் நாள் தண்ணீரை அங்கே யாரும் தவற விடமாட்டார்கள். அப்போதுதான் மேல் வேர் பிறக்கும். அந்த ஒரு தண்ணீர் தவறினால் பின்னால் எத்தனை விட்டாலும் ஈடாகாது. இரண்டாவது, லேசர் கருவி வைத்து நிலத்தைக் கண்ணாடிபோலச் சமன் செய்கிறார்கள். மேடு பள்ளம் போனாலே பாசனத் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. இவ்வளவு செய்தும் அங்கே நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. கோதுமைக்கு முன் போடும் நெல்தான் அதில் பெரிய குற்றவாளி. நாற்று நடும் தேதிக்கு 2009-ல் சட்டமே போட்டார்கள். தண்ணீர் கொழிக்கும் ஊர் என்று தம்பி நினைத்திருந்தால் இதையும் சொல்லுங்கள்.

இனி உங்கள் நிலத்தில் என்ன செய்வது.

முதல் வேலை, அந்த 300 அடி வாய்க்கால். இரண்டரை இஞ்சு பி.வி.சி. பைப் புதையுங்கள். இப்போது கையில் பணம் இல்லை என்றால் சுருட்டி வைக்கிற தட்டை ஓஸ் வாங்கி இழுத்துப் போடுங்கள். வெயிலில் கிடக்காமல் பார்த்துக்கொண்டால் சில வருடம் வரும். நான் சொல்லும் எல்லாவற்றிலும் செலவு குறைந்து பலன் உடனே தெரிவது இதுதான்.

இரண்டாவது, ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றுங்கள். மும்முனைக் கரண்ட் நடு இரவில் வரும், மோட்டார் தானாக ஓடும், நீங்கள் தூங்குவீர்கள், நேற்று திருப்பிய மடையிலேயே தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். 1990-லிருந்து நமக்குக் கரண்ட் இலவசம், அதனால் ஓடுகிற மோட்டாரின் சத்தம் யாருக்கும் செலவாகக் கேட்பதில்லை. இரவில் தண்ணீர் கட்டுவது நல்லதுதான், ஆவியாவது குறையும். ஆனால் ஆள் நிற்க வேண்டும். முடிந்தால் மூன்று மணி நேரத்தை ஒரே மூச்சில் ஓட்டாமல் ஒன்றரை, ஒன்றரையாகப் பிரித்து, நடுவில் நாலைந்து மணி நேரம் போரை விட்டுவிடுங்கள். வெடிப்பிலிருந்து தண்ணீர் ஊறி மேலே வர நேரம் வேண்டும். பிரித்து ஓட்டிய நாளிலும் டிரம் வைத்துப் பாருங்கள், கூடுதலாக வந்திருக்கும். காற்று இழுத்து மோட்டாரின் காயில் கம்பிச் சுருள் எரிகிற செலவும் மிஞ்சும்.

மூன்றாவதுதான் சொட்டுநீர். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் சொட்டுநீர் போட்டு இரண்டு வருடத்தில் சுருட்டிப் பரண்மேல் போட்டவர்கள் அதிகம். சொட்டுநீரில் குறை இல்லை. போர் கொடுக்கும் அளவைப் பார்க்காமல் வடிவமைத்ததுதான் குறை. தக்காளிக்கு ஐந்து அடிக்கு ஒரு பக்கவாட்டுக் குழாய், 40 செ.மீ.க்கு ஒரு சொட்டுவான், ஒவ்வொன்றும் மணிக்கு 2 லிட்டர் என்று வைத்தால் ஒரு ஏக்கருக்கு மணிக்கு 13,500 லிட்டர் தேவை. உங்கள் போர் நன்றாக இருக்கும் முதல் அரைமணியிலேயே மணிக்கு 9,000 லிட்டர்தான். முடிவில் 6,000. ஒரு ஏக்கருக்கு ஒரே வால்வோ, அரை அரை ஏக்கராக இரண்டு வால்வோ வைத்துவிட்டுப் போனால், போர் இறங்கிய பிறகு அழுத்தம் போதாது. பைப்பின் தலையில் சொட்டும், வாலில் சொட்டாது. வாலில் செடி வாடும். நீங்கள் 'இது நமக்கு ஒத்து வராதுங்க' என்று அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி மண்வெட்டியை எடுப்பீர்கள். எத்தனை நிலத்தில் பார்த்துவிட்டேன்!

அதனால் கம்பெனிக்காரர் வரைபடம் போட வரும்போது உங்கள் மூன்று டிரம் எண்களை அவர் கையில் கொடுங்கள். ஒரு ஏக்கரை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: 40 சென்ட், 30 சென்ட், 30 சென்ட். முதல் பகுதிக்கு மணிக்கு 5,400 லிட்டர், மற்ற இரண்டுக்கும் 4,000 சொச்சம். போர் வலுவாக இருக்கும் முதல் மணியில் பெரிய பகுதி, தளர்ந்த பிறகு சின்னப் பகுதிகள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். மொத்தம் 13,500 லிட்டர் தக்காளிக்கு. மிச்சம் 7,000 லிட்டருக்கு மேல் பைபாஸ் வால்வு வழியாக ராகிக்கோ புல்லுக்கோ போகட்டும். இன்னும் பெரிய பகுதியாகவே வைக்கலாமே என்று அவர் சொல்வார். பங்குனி, சித்திரையில் போர் எப்படி இறங்கும் என்று அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். விடாதீர்கள்.

ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட சிறு, குறு விவசாயிக்கு நம் மாநிலத்தில் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது, மற்றவர்களுக்கு 75 சதவீதம். தக்காளிக்கு என்றால் தோட்டக்கலை அலுவலகம். தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று, சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார் எல்லாம் கேட்பார்கள். இலவசமாக வருவதால் ஃபில்டரைக் கழுவாமல் விட்டுவிடாதீர்கள். உங்கள் போரில் மணல் வரவில்லை என்றாலும் நம் தண்ணீர் உப்புத் தண்ணீர், டீக்கடைப் பாத்திரத்தில் படிவதுபோல வெள்ளையாகச் சொட்டுவான் வாயில் படியும். வாரம் ஒரு முறை பக்கவாட்டுக் குழாய்களின் கடைசி மூடியைக் கழற்றிக் கலங்கல் போகும் வரை ஓடவிடுங்கள். படிவு கெட்டியானால் அமிலம் விட வேண்டும். அதை முதல் தடவை தெரிந்த ஆள் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். தக்காளிப் பாருக்கு மல்ச்சிங் ஷீட், அதாவது மண்ணை மூடும் பிளாஸ்டிக் தாள், போட்டால் மண்ணிலிருந்து ஆவியாகும் தண்ணீரும் மிஞ்சும், களை எடுக்கும் கூலியும் மிஞ்சும்.

மானியம் வர நாளாகும். அதுவரை தக்காளிக்கு ஒரு சால் விட்டு ஒரு சால் தண்ணீர் கட்டுங்கள். அடுத்த முறை விட்ட சாலுக்கு. செடியின் ஒரு பக்க வேருக்கு எப்போதும் ஈரம் இருக்கும். காய் கொஞ்சம் சிறுக்கலாம், செடி சாகாது. பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டியில் விலை விழுந்து ரோட்டோரம் கொட்டும் வருடங்களை நினைத்துப் பார்த்தால், காய் கொஞ்சம் சிறுத்ததற்காக நான் தூக்கம் கெட மாட்டேன்.

ராகிக்கு வாரம் ஒரு தண்ணீர் என்ற வழக்கத்தை விடுங்கள். பஞ்சாபின் 21-ஆம் நாள் பாடம் இங்கேதான் பயன்படும். நட்ட அன்று ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். நாற்று பிடித்துவிட்ட பிறகு ஒரு வாரம் பத்து நாள் காயப் போட்டால் வேர் ஆழம் போகும், பயப்படாதீர்கள். நட்ட 20, 25 நாளில் தூர் கட்டும்போது தவறக்கூடாது. பிறகு கதிர் வெளிவந்து பூக்கும்போதும், பால் பிடிக்கும்போதும் தவறக்கூடாது. மற்ற நாளில் தேதியைப் பார்க்க வேண்டாம், மண்ணைப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்தில் மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. விரலை விரித்ததும் உதிர்ந்தால் கட்டுங்கள்.

கட்டும்போது பாத்தி சின்னதாக இருக்கட்டும். 20 அடிக்கு 10 அடி போதும். உங்கள் போர் தள்ளும் வேகத்துக்கு அப்படி ஒரு பாத்தி ஐந்து நிமிடத்தில் ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக நனைந்துவிடும், மடையோரமும் கடைசி முனையும் ஏறக்குறைய ஒன்றுபோல. இப்போது நீங்கள் வைத்திருப்பது 60 அடி நீளப் பாத்தி என்றீர்கள். நிமிடத்துக்கு 100 லிட்டர் தண்ணீர் அதன் கடைசிக்குப் போய்ச் சேருவதற்குள் மடையோரம் குளித்து முடித்துவிடும். வரப்பு கூடுகிறது, நிலம் போகிறது என்று வீட்டில் சொல்வார்கள். கடப்பாரையை அவர்கள் கையில் கொடுங்கள்.

கோ-4 புல்லைப் பற்றி எழுத எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது, மாடு வீட்டில் ஒருத்தி மாதிரி. ஆனாலும் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் அந்தப் பயிர் வருடம் முழுக்கக் குடிக்கும். வாய்க்கால் தலையில் இருப்பதால் எல்லோருக்கும் முன்னால் அதுதான் குடிக்கிறது. 15 சென்டுக்குக் குறைத்துவிட்டு மீதியில் தீவனச் சோளம் மானாவாரியாகப் போடுங்கள். ராகித் தாளும் இருக்கிறது.

இவ்வளவும் செய்தால் இரண்டரை ஏக்கரும் விளையுமா? விளையாது. பைப்பும் சொட்டுநீரும் வந்த பிறகும் உங்கள் 21,000 லிட்டரில் வேருக்குப் போவது 18,000. இந்தத் தையில் அது ஒரு ஏக்கர் பத்து சென்டுக்குக் காணும். பங்குனியில் பயிரின் தாகம் 6 மி.மீ.க்கு ஏறும்போது போர் 12,000, 13,000 லிட்டருக்கு இறங்கும் என்று வைத்துக்கொண்டால் 40 சென்ட் தக்காளிக்குத்தான் சரியாக இருக்கும். அதற்காகத்தான் முதல் பகுதியை 40 சென்டாக வைக்கச் சொன்னேன். கோடையில் மற்ற இரண்டு வால்வையும் மூடிவிடலாம். கோடை ராகியை இந்த வருடத்தோடு நிறுத்துங்கள். நம் பக்கம் வருடத்துக்குச் சுமார் 850 மி.மீ. மழை, ஆவணியிலிருந்து ஐப்பசி வரை அதில் நல்ல பங்கு. ஆடியில் நாற்று விட்டு அந்த மழையில் ராகியை வைத்தால், போர் செய்ய வேண்டிய வேலை நடுவில் மழை ஏமாற்றும்போது இரண்டு மூன்று தண்ணீர் கொடுப்பது மட்டும். அதே ராகி, அதே நிலம். இப்போது போரிடம் கேட்கும் வேலையில் பெரும்பகுதியை மழையிடம் கொடுக்கிறோம். நாலு மூட்டை குறைந்தாலும் மூன்று லட்சக் கடன் இல்லை. எந்த ரகம் என்று பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள். அவர்கள் நம் மண்ணுக்கென்றே பார்த்து வைத்திருப்பார்கள்.

கடைசியாக, அந்தக் காய்ந்த 450 அடி போர். அதன் வாயில் இப்போது என்ன இருக்கிறது என்று போனில் கேட்டேன், "ஒரு சாக்கு சுருட்டி அடைச்சிருக்குங்க" என்றீர்கள். இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக, போர் வாயில் இறக்கியிருக்கும் கேசிங் பைப்புக்கு இரும்பு மூடி போட்டு போல்ட்டால் இறுக்குங்கள். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் பிள்ளைகள் இருக்கும். பிறகு ஆடிக்கு முன், கேசிங்கைச் சுற்றி ஆறு அடிக்கு ஆறு அடி, எட்டு அடி ஆழக் குழி எடுத்து, குழிக்குள் இருக்கும் கேசிங்கில் துளை போட்டு, அதன்மேல் நைலான் வலை சுற்றி, கீழே பெரிய கல், மேலே ஜல்லி, அதற்கு மேல் மணல் என்று நிரப்பலாம். மழைத் தண்ணீர் முதலில் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் தங்கி, சேறு படிந்த பிறகு தெளிந்ததுதான் குழிக்கு வர வேண்டும். கலங்கல் தண்ணீரை விட்டால் வெடிப்பு அடைத்துக்கொள்ளும், பிறகு எந்தக் காலத்திலும் திறக்காது. தக்காளித் தோட்டத்துத் தண்ணீரை அதற்குள் விடவே கூடாது, மருந்து அடித்த நிலம் அது. புல் காட்டுப் பக்கமிருந்து வரும் ஓட்டத்தைத் திருப்புங்கள். அந்த 450 அடி போரும் இந்த 850 அடி போரும் ஒரே வெடிப்பில் இருந்தால், வைத்த தண்ணீர் உங்களுக்கே திரும்பி வரும். தெரிந்துகொள்ள வழி இருக்கிறது: ஐப்பசி மழை முடிந்ததும் அதே டிரம், அதே மூன்று நேரம். இந்தத் தையில் எழுதிய 80, 100, 120-க்குப் பக்கத்தில் அந்த எண்களையும் எழுதி எனக்கு அனுப்புங்கள்.